வலது பக்கத்துப் படம்

காற்று மேற்கிலிருந்து வீசியது. ஹாங்காங் விமான நிலையத்துக்கு எதிரே, ஷா லோ வான் படகுத்துறையில், ஹேய்லாம் தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றாள். விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும். இன்று மேற்கு நோக்கி இறங்கினால், ஓடுதளத்துக்குத் தெற்கே நிற்கும் அவளுக்கு இடது பக்கம்தான் தெரியும். அவளுக்கு வேண்டியதோ வலது.

அந்த நான்கு எஞ்சின் பச்சைச் சரக்கு விமானத்தின் இடது பக்கத்துக்குப் படங்கள் கொட்டிக்கிடந்தன. ஏறும் கதவும் பெரிய சரக்குக் கதவும் அங்கேதான். எல்லோரும் அங்கே நின்றே படமெடுப்பார்கள். இடதைத் திருப்பிப் போட்டு, சரக்குக் கதவை மட்டும் அழித்து, மாதிரி பொம்மை விமானத்துக்கான வலது பக்கத்தை வரைந்திருந்தாள். போன மாதமும் இப்படித் திருப்பியதில் ஒரு மாதிரி விமானத்தின் வாலில் வரைந்த கொக்கு, கண்ணாடியில் தெரிவதுபோல், பின்னோக்கிப் பறந்தது. சேகரிப்பாளர்கள் அவளுக்குக் 'கண்ணாடி லாம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்னொரு பிழை வந்தால் வேலை போகும். நேற்று யாரோ அனுப்பிய மங்கல் படத்தில், வலது இறக்கையின் கீழ் ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது. எஞ்சின் உறையா, வெயில் பளபளப்பா?

கைபேசி அடித்தது. டோங்குவான் பொம்மைத் தொழிற்சாலையின் மேஸ்திரி, அவள் 'சிஃபூ' என்று மரியாதையாக அழைக்கும் கோங்.

"கண்ணாடிப் பொண்ணே, ரெண்டு மணிக்கு எஞ்சினுக்குப் பசை போட ஆரம்பிச்சிடுவேன். எண்ணூறு விமானம். ஒட்டினா பிரிக்க முடியாது."

"பத்து நிமிஷம், கோங் சிஃபூ!"

"காலையிலேருந்து இதே பத்து நிமிஷம்தான்."

விமானம் இறங்கியது. இடது பக்கம். நான்கடி நடந்தாள், திரும்பினாள். அட, ஓடுதளத்தோடு முடிந்துவிடுமா? சரக்கு முனையத்துக்குப் போக அது கிழக்கே திரும்பி வந்தாக வேண்டுமே!

மேற்குக் கோடியில் அது மெல்ல வளைந்தது. கேமரா லென்ஸைத் தூக்கினாள். வலது பக்கம் முழுசாக வந்தது. பச்சை எஞ்சின் ஒன்று; அதையடுத்து வேறேதோ விமானத்திலிருந்து கழற்றி மாட்டிய வெள்ளை உறை.

கோங்கை அழைத்தாள். "சிஃபூ, ஒரு எஞ்சின் வெள்ளை! ரெண்டாவது!"

"உன் பக்கத்துலேருந்தா, விமானி பக்கத்துலேருந்தா?"

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எஞ்சினை விமானியின் இடது இறக்கை நுனியிலிருந்துதான் எண்ணுவார்கள்.

"மூணாவது. வலது இறக்கை, உள்பக்கம்."

"நல்லவேளை, ரெண்டுனு விட்டிருந்தா இடது இறக்கையில ஒட்டியிருப்பேன். வெள்ளை எஞ்சின் தட்டுலேருந்து எண்ணூறு எடுக்கச் சொல்றேன். வால்ல கொக்கு கிக்கு இருக்கா?"

"எழுத்துதான், சிஃபூ."

"நேராத்தானே?"

ஹேய்லாம் லென்ஸை மறுபடி தூக்கினாள்.