நூறு தாண்டட்டும்

1

"நூறு தாண்டட்டும் டீச்சர். உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்."

"இப்பவே கேளேன் தொர. நானா உன் வாயப் பொத்திக்கினு இருக்கேன்?"

"இல்லீங்க. நூறு தாண்டட்டும்."

தியாகதுருகத்தில் ஒரு மெக்கானிக் கடையில், என் ஸ்கூட்டிக்கு பிரேக் மாற்றக் காத்திருந்தபோது காதில் விழுந்த பேச்சு இது. கதை இதிலிருந்துதான் முளைத்தது; மிச்சமெல்லாம் என் கற்பனை. குடும்பக் காதல் கதைகள் எழுதியே பழகியவளுக்கு, ஒரு மனிதன் எதையோ கேட்காமல் அடக்கி வைத்திருக்கிறான் என்பதைக் கண்டுபிடிக்க ஸ்டெதஸ்கோப் தேவையில்லை. ஆனால் அது என்ன நூறு? கிலோவா? வயதா? வயதென்றால் கதை கொஞ்சம் நீளும்.

விசாரித்தேன். வேகமாம். ஒரு தட்டை அவன் கையால் வீசும் வேகம்.

2

முதல் தொடக்கம்: கல்வராயன் மலையின் மேல் மேகங்கள் மெல்லத் தவழ்ந்து—

[அடித்துவிட்டேன். என் கதைகளில் மேகம் தவழ்ந்தது போதும்.]

இரண்டாவது தொடக்கம்: தங்கதுரை வீசிய தட்டு மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில்—

[என்ன தட்டு, எதற்கு வீசினான், சாப்பாடு பிடிக்கவில்லையா என்று கேட்பீர்கள்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். செந்தமிழ்ச்செல்வி உடற்கல்வி ஆசிரியை. சென்னையில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போனவள், டிஸ்க் கோல்ஃப் என்ற விளையாட்டோடும் ஒரு பை நிறையத் தட்டுகளோடும் திரும்பி வந்தாள். கோல்ஃப் மாதிரிதான். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் கூடை. கூடை செய்ய ஆள் தேடியபோது அகப்பட்டவன்தான் மெக்கானிக் தங்கதுரை. ஓர் இரும்பு வளையத்தில் பழைய பைக் செயின்களைத் தொங்கவிட்டு வெல்டிங் செய்து கொடுத்தான். கரியாலூர் பக்கம் மலைச்சரிவில் அதை நட்டதும், "நீயே மொதல்ல வீசிப் பாரு" என்று ஒரு தட்டை நீட்டினாள். அது கூடையைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, மேய்ந்துகொண்டிருந்த ஒரு மாட்டையும் தாண்டிப் போய் விழுந்தது.

"யப்பா! இன்னா கை இது!" என்றாள் செல்வி.

அந்த ஒரு வார்த்தையிலிருந்து அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

3

வேகத்தை அளக்கக் கருவி இல்லை. அதனால் ஒரு மெக்கானிக்குக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி ஒன்று அவனுக்குத் தோன்றியது. கள்ளக்குறிச்சிக்கு வெளியே புதிதாகப் போட்டு, இன்னும் திறக்காமல் கிடந்த புறவழிச்சாலை. செல்வி ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அவனுடைய பைக்கில் வருவாள். ஓரத்தில் நிற்கும் அவனைக் கடக்கும் நொடியில் அவன் தட்டை வீசுவான். தட்டு ஹெட்லைட்டை முந்திவிட்டால், மீட்டர் காட்டிய வேகத்தை அவன் கை ஜெயித்துவிட்டது என்று அர்த்தம். முந்தினால் செல்வி வண்டியை மெதுவாக்கிக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

முதல் நாள் அந்த பைக்கில் உட்கார்ந்தபோது அவளுக்குக் கால் தரையில் எட்டவில்லை. அதை அவன் கவனித்துவிட்டான். அடுத்த வாரம் வந்து பார்த்தால், சீட்டைச் சீவி, முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு வேறொரு வண்டியின் சின்னச் சக்கரத்தை மாட்டி வைத்திருந்தான்.

[இந்தச் சக்கரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். துப்பறியும் கதைக்காரர்கள் இதை ஒளித்து வைப்பார்கள். எனக்கு ஒளிக்க வராது.]

எண்பதைத் தாண்டினான். தொண்ணூறைத் தாண்டினான். தொண்ணூற்றாறில் நின்றான். இரண்டு வருடமாக அங்கேயேதான் நிற்கிறான்.

4

ஏன் நின்றான்? என் கதாநாயகர்களின் முழங்கையைப் பற்றி நான் இதுவரை கவலைப்பட்டதே இல்லை. இவனுக்காகப் படித்தேன். உலகத்தின் தலைசிறந்த கைகளே நூற்று நாற்பது சொச்சத்தில் திணறுகின்றனவாம். பலக்குறைவு அல்ல காரணம். வீச்சு பாதத்தில் தொடங்குகிறது. பாதம் ஊன்றி நிற்க, இடுப்பு சுழல்கிறது. இடுப்பு நிற்க, தோள். தோள் நிற்க, முழங்கை. பிறகு மணிக்கட்டு. ஒவ்வொன்றும் தான் நின்று, தன் வேகத்தை அடுத்ததன் கையில் கொடுத்துவிடுகிறது.* கடைசியில் எல்லாம் விரல்களிடம் வந்து சேர்கிறது. பிய்த்துக்கொண்டு ஓடப் பார்க்கும் தட்டை விரல்கள் சரியான கணம் வரை பிடித்திருக்க வேண்டும். அந்தக் கணத்தில் விட்டுவிடவும் வேண்டும். முந்தி விட்டால் வேகம் இல்லை. பிந்தி விட்டால் தட்டு பக்கத்துக் கொல்லைக்குப் போய்விடும்.

(*கூட்டுக் குடும்பத்தைப் பற்றி எழுத இதைவிட நல்ல உவமை கிடைக்காது. வேறு கதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். யாரும் தொடாதீர்கள்.)

தங்கதுரைக்கு வயது முப்பத்தாறு. முழங்கை வலிக்கிறது. அவன் உடம்பின் எல்லை அவ்வளவுதான். ஆனால் மனசு கேட்கவில்லை. "ஒரு டீச்சர போய் கேக்கணும்னா, நம்மகிட்டயும் பெருசா ஒண்ணு இருக்கணும்ல?" என்று ஸ்பேனரிடம் சொல்லிக்கொள்வான்.

5

எனக்குச் செல்வியின் மேல்தான் சந்தேகம். அவன் கேட்கப்போவது என்னவென்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டுக்கே தெரியும். அவன் நூறைத் தொட்டுவிட்டு நிமிர்ந்து நின்று கேட்க வேண்டும் என்று அவளுக்கும் ஓர் ஆசை. அதனால்தான் காத்திருந்தாள்.

போன வாரம் அந்த பைக்கை சேலம் நெடுஞ்சாலையில் ஓட்டி வந்தபோது, 'உங்கள் வேகம்' காட்டும் பலகையில் அறுபது என்று எரிந்தது. மீட்டரில் எழுபது. பலகைதான் தப்பு என்று நினைத்தாள். பிறகு ஓரமாக நிறுத்தி, குனிந்து பார்த்தாள். முன்சக்கரம் சின்னது, அதே தூரத்துக்கு ஜாஸ்தி சுற்றுகிறது, மீட்டர் அந்தச் சுற்றைத்தான் வேகமாகக் காட்டுகிறது. எழுபதுக்கு அறுபது என்றால் நூறுக்கு எண்பத்தாறுகூட முழுசாக வராது.

அவள் கால் தரையில் எட்ட வேண்டுமென்று அவன் செய்த வேலை. அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வாள்?

இங்கே பேனாவை வைத்துவிட்டு டீ போடப் போனேன். வந்து சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. செல்வி வாயே திறக்கவில்லை. மீட்டர் நூறு காட்ட, அவன் கேட்க, கெட்டிமேளம். என் வாசகிகளுக்குப் பிடிக்கும். ஆனால் அவன் மெக்கானிக். என்றைக்காவது ஒருநாள் தன் வண்டியைத் தானே பார்ப்பானே!

ஆ. பண்ருட்டியிலிருந்து வேறொரு மாப்பிள்ளையை வரவழைப்பது. என் கதைகளில் அவர் எப்போதும் சட்டையை இஸ்திரி போட்டுத் தயாராக இருப்பார். செல்வி சம்மதிக்கவில்லை. "அந்தாளுக்கு வேற வேல இல்லியா? போவச் சொல்லுங்க" என்றாள்.

இ. திடீரென்று பின்னாலிருந்து ஒரு காற்று வீச—

[வெட்கமாக இருக்கிறது.]

6

ஞாயிறு காலை. மறுநாள் சாலை திறப்பு. ரிப்பன் கட்டக் கம்பமே நட்டாயிற்று. நாளை முதல் இங்கே லாரிகள்தான் ஓடும். இன்றைக்கு விட்டால் இல்லை.

இந்தக் காட்சியோடு நான் நிறுத்திக்கொள்வேன். கடைசி வரியில் ஒரு கேள்வி வரும். பதிலுக்கு என்னைத் தேடாதீர்கள். செல்வியை எனக்குத் தெரிந்த அளவு இப்போது உங்களுக்கும் தெரியும்.

மீட்டர் முள் நூறில் நின்றது. ஓரத்தில் நின்ற தங்கதுரையைச் செல்வி கடந்தாள். அடுத்த கணம் ஹெட்லைட்டுக்கு முன்னால் சிவப்பாக ஒன்று சீறிக்கொண்டு போனது. வண்டியை மெதுவாக்கினாள். தூக்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு. ஆனால் முந்தியது நிஜம்தானே? கையைத் தூக்கினாள்.

"நூறு! டீச்சர், நூறு!" மூச்சு வாங்க ஓடி வந்தான். "இப்ப கேக்கறேன். டீச்சர், உங்கள..."

"கேக்காத."

அவன் முகம் விழுந்துவிட்டது.

"அது நூறு இல்ல தொர. முன்சக்கரத்தப் பாரு."

பார்த்தான். ஒரு பார்வை போதும் அவனுக்கு. தலையில் அடித்துக்கொண்டான். "நான்தான மாட்னேன்! இது கூடவா ஒரு மெக்கானிக்குக்குத் தோணாது? எவ்ளோ கம்மி?"

"எண்பத்தஞ்சு, எண்பத்தாறு வரும்."

"இத வெச்சிக்கினா ரெண்டு வருஷமா நெஞ்ச நிமித்திக்கினு சுத்துனேன்? சரி, பெரிய சக்கரத்த மாட்டிக்கினு அடுத்த வாரம்..." என்று திரும்பியவன், ரிப்பன் கம்பத்தைப் பார்த்து நிறுத்தினான். பையிலிருந்து இன்னொரு தட்டை உருவி, வந்த கோபத்தையெல்லாம் சேர்த்து வீசினான். விட வேண்டிய கணத்தில் விரல் விடவில்லை. தட்டு சாலையை விட்டு விலகி, வலது பக்க மரவள்ளிக் கொல்லைக்குள் போய் மறைந்தது.

இருவரும் இறங்கித் தேடினார்கள். மரவள்ளி ஆளுயரம் நின்றது. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. இலைகள் அசைவது மட்டும் தெரிந்தது.

"தொர."

"இன்னாங்க."

"உன் கை நல்ல கைதான். புடிச்சத வுடத்தான் தெரியல."

அந்தப் பக்கம் இலைகள் அசைந்துகொண்டே இருந்தன.

"எண்பத்தாறுக்கு இன்னா கேக்கலாமோ, அதக் கேளேன்."

இலைகளின் அசைவு நின்றது. தட்டு செல்வியின் காலடியிலேயே கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை. இருந்த இடத்திலேயே நின்றாள்.

"டீச்சர்..." செடிகளுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "அந்த முன்சக்கரம் சின்னதாவே இருக்கட்டுங்க. இனிமே வண்டிய எப்பவும் நீங்களே ஓட்டுங்க. நான் பின்னாடி குந்திக்கினு வரேன். அப்டியே... நம்ம வூட்டுக்குன்னு ஒண்ணா போலாமா?"