வெள்ளிமலை ரோட்டில் கடைசி எபிசோடு

கச்சிராயபாளையம் தாண்டும்வரை கவியரசன் வாயைத் திறக்கவில்லை. குரலைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அருள்மொழி அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

நாளைக் காலை பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மறுநாள் ஆபரேஷன். தொண்டையில் வந்த கட்டி மருந்துக்குக் கரைகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கு வழி செய்வார்கள். உயிர் நிற்கும். குரல் நிற்காது.

ஆக, சொந்தக் குரலில் பேச அவனுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு பகல்தான். அதில் தன் யூடியூப் சேனலுக்குக் கடைசி எபிசோடைப் பேச வேண்டும். அது முடிந்ததும் தனுஷாவுக்காகக் கொஞ்சம் பேச வேண்டும்.

தனுஷா அவர்களுடைய மகள். இன்னும் மூன்று வயது முடியவில்லை. கச்சிராயபாளையத்தில் கவியரசனின் அக்கா அம்சவள்ளி வீட்டில் அவளை விட்டுவிட்டுத்தான் மலைக்குக் கிளம்பியிருந்தார்கள்.

“ஊரு ஒலகத்துக்கெல்லாம் பேசி வெச்சிருக்கீங்க. அவளுக்குனு ஒரு வார்த்த இல்ல” என்று அருள்மொழி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கவியரசன் கடைசி நாள்வரை தள்ளிப் போட்டான். சினிமாவைப் பற்றி என்றால் ஒரு மூச்சில் பேசிவிடுவான். பெற்ற பெண்ணிடம் என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

இந்திப் படங்களின் கதையைத் தமிழில் சொல்லுகிற யூடியூப் சேனல் அவனுடையது. சின்ன வயதில் அவன் அப்பா கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு பம்பாய் போனார். எட்டாம் வகுப்புவரை கவியரசன் அங்கேதான் படித்தான். அப்பா சாரத்திலிருந்து விழுந்து இறந்த பிறகு ஊர் திரும்பியபோது, அவர்கள் கொண்டுவந்த சொத்து இந்தி ஒன்றுதான். கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டே கதை சொல்லுவான். கேட்டவர்கள் வேலையை மறந்தார்கள். அப்புறம் சேனல் வந்தது. களை எடுக்கிற பெண்கள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார்கள். செங்கல் சூளையில் கேட்டார்கள். அடியிலிருந்து உருண்டு வருகிற கனத்த குரல். படம் பார்க்க வேண்டாம், இவன் சொன்னால் போதும் என்றார்கள்.

ஆனால் படத்தின் காட்சியைப் போட முடியாது. ஒரு துண்டு போட்டாலும் காப்பிரைட் என்று சேனலுக்குப் பூட்டு விழும். அதனால் இந்தி சினிமாவின் பயணப் படங்களைப் பத்து வருஷம் பத்து வருஷமாகப் பிரித்துச் சொல்ல ஆரம்பித்தபோது, அருள்மொழி ஒரு வழி கண்டுபிடித்தாள். போனைக் கார் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க வைத்து நம்ம ஊர் ரோட்டையே படம் பிடித்தாள். கறுப்பு வெள்ளைக் காலத்துக் கதாநாயகி டெல்லிக்கு ஓடியது திருக்கோவிலூர் ரோட்டில். எழுபதுகளின் லாரி டிரைவர் பஞ்சாபைக் கடந்தது சங்கராபுரம் வழியாக. ராஜஸ்தான் பாலைவனத்துக்குத் தென்பெண்ணை மணல் போதுமானதாக இருந்தது.

கடைசி எபிசோடு இந்தக் காலத்துப் படங்கள். எல்லாவற்றிலும் மலை வருகிறது. அதனால் வெள்ளிமலை.

வழக்கமாக ரோட்டை ஒரு நாள் எடுப்பார்கள். குரலை இன்னொரு நாள் வீட்டில், ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டுப் பதிவார்கள். இன்று அதற்கு நேரமில்லை. ஓடுகிற வண்டியிலேயே பேசிவிட வேண்டும். ரோட்டைப் படம் பிடிக்கும்போதே வண்டி இரைச்சலை வடிகட்டிவிட்டுப் பேச்சை மட்டும் சேமிக்கிற ஆப் ஒன்று அருள்மொழியின் போனில் இருந்தது. வடிகட்டியது போக மிச்சத்தை அதுவே அழித்துவிடும். எப்போதும் நிரம்பி வழிகிற அவள் போனுக்கு அது வசதி. சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் அவள் பேசி எடுத்த பதிவுகளை அந்த ஆப்தான் காப்பாற்றியிருந்தது.

கோமுகி அணை பின்னால் போனது. மலை ஏற்றம் ஆரம்பித்தது. அருள்மொழி ஆப்பைத் தட்டிவிட்டு, “ம், ஆரம்பிங்க” என்றாள்.

கவியரசன் பேசினான். உருண்ட குரல் எப்போதோ போய்விட்டது. மரம் அறுக்கிற மாதிரி கரகரவென்று, காற்றும் குரலுமாக வந்தது. ஆனால் சொல்லுகிற விதம் மாறவில்லை.

“அம்பதுல ஓடுனாங்களே, அவங்க அப்பங்கிட்டருந்து ஓடுனாங்க. பணக்கார வூட்டுப் பொண்ணு, காசில்லாத பையன், நடுவுல ஒரு பஸ்ஸு. எழுவதுல போலீஸுகிட்டருந்து ஓடுனாங்க. தொண்ணூறுல காதலிச்சுட்டு ஓடுனாங்க. ரெண்டாயிரத்துக்கு அப்பறம் வந்தவங்கள யாரும் தொரத்தல. நல்ல சம்பளம், நல்ல காரு. ஆனாலும் கெளம்பிடுறாங்க. எங்கடா போறனு கேட்டா, என்னையே தேடிக்கினு போறேன்றான்.”

அருள்மொழிக்குச் சிரிப்பு வந்தது. “நம்ம பக்கம் எவன் தன்னைத் தேடிக்கினு போறான்? கூலியத் தேடிக்கினுதான் போறான்.”

“சூப்பர். அத நான் சொன்ன மாரி வெச்சுக்கறேன்.”

“வெச்சுக்குங்க. என்னிக்கு எம்பேர சொன்னீங்க?”

“எங்கப்பா எங்கள பாம்பேக்கு இட்டுக்கினு போனாரே, அதான் எங்க வூட்டு ரோடு மூவி.”

“ரயில்ல தானங்க போனீங்க?”

“கக்கூஸ் வாசல்ல குந்திக்கினு போனோம். அத ரயில்ல போனதா சேத்துக்காத.”

அவன் சிரித்தான். இருமினான். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பேசினான். அவன் பேசப் பேச, இந்தக் கதை சொல்லும் ஆசை தொண்டைக்கட்டியையே தள்ளிவைத்துவிடும் போல அவளுக்கு இருந்தது. அந்த நினைப்பில் ஒரு வளைவில் ஹார்ன் அடிக்க மறந்துவிட்டாள். எதிரே பஸ் முகத்துக்கு நேராக வந்தது.

“அருளு! ப்ரேக்கு! ப்ரேக்க அமுக்கு!”

வண்டி குலுங்கி நின்றது. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினான். “யம்மா! ஹார்னு இன்னா அலங்காரத்துக்கா வெச்சிருக்கு?”

“நீ மட்டும் அடிச்சியா? வளவுல நடுரோட்டுல வந்துட்டுப் பேசுற!” என்று அவளும் கத்தினாள்.

பஸ் முனகிக்கொண்டே இறங்கிப் போனது. கவியரசன் அவள் முழங்கையைத் தட்டி, “போ, போ” என்றான்.

வெள்ளிமலை தாண்டி ரோடு சமமானது. இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. மேலே பனிமூட்டம் தொங்கியது. சினிமாப் பேச்சு முடிந்துவிட்டது. கவியரசன் ஒரு மடக்கு தண்ணீர் குடித்தான். பிறகு தானாகவே ஆரம்பித்தான்.

“தனு. அப்பா பேசறேன். இத கேக்கறப்ப நீ எவ்ளோ பெரிய பொண்ணா இருப்பியோ தெரியல. அப்பாவுக்கு இப்ப பேச்சு இருக்காது. பேசாத ஆளப் பாத்தா கோவக்காரன்னு தோணும். அப்டி நெனச்சுக்காத. எனக்கு உம்மேல கோவமே இல்ல. நீ ஸ்கூல்ல பாட்டுப் பாடுனா நான் கைதட்டுவேன். ஜாஸ்தி சத்தமா தட்டுவேன். அதான் நான் பேசறதுனு வெச்சுக்க.”

அருள்மொழி வண்டியை இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டு போனாள். மூக்கை மட்டும் ஒரு தடவை உறிஞ்சினாள்.

கரியாலூரில் ஒரு டீக்கடை. அடுப்புக்குப் பக்கத்தில் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்த போனில், மூன்று நண்பர்கள் காரில் கோவா போகிற கதையைக் கவியரசனின் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. போன வருஷத்துக் குரல். கடைக்கார இருசம்மாள் அதைக் கேட்டுக்கொண்டே வடை திருப்பினாள்.

“இந்த ஆளு குரலக் கேட்டுக்கினு வேல செஞ்சா அலுப்பே தெரியாதும்மா” என்றாள்.

அருள்மொழியால் சும்மா இருக்க முடியவில்லை. “இவருதாங்க அது. என் வூட்டுக்காரரு.”

இருசம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்டியா? எங்க, அந்த வணக்கத்த சொல்லுங்க தம்பி, பாப்போம்.”

கவியரசன் ஒவ்வொரு கதைக்கும் முன்னால் சொல்லுகிற வணக்கத்தைச் சொன்னான். பாதி காற்றாகப் போனது.

இருசம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். “போங்க தம்பி! போன வாரம் ஒருத்தன் போலீஸுனு சொல்லி மூணு வடைய தின்னுட்டுப் போனான். அவனாச்சும் கொரலு கம்பீரமா வெச்சிருந்தான்.”

கவியரசனும் சிரித்தான். டீயை முழுக்கக் குடிக்காமல் போய் வண்டியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

அருள்மொழி ஒரு பலா மரத்தடியில் நின்று, இயர்போனை மாட்டிப் பதிவைக் கேட்டாள்.

“ம், ஆரம்பிங்க” என்று அவள் குரல் கண்ணாடி மாதிரி தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அவள் ஒலியைக் கூட்டினாள். ஒன்றுமில்லை. எங்கேயோ ஒரு ‘ப’, ஒரு ‘ட்’. பிறகு, “நம்ம பக்கம் எவன் தன்னைத் தேடிக்கினு போறான்?” என்று அவளே பேசினாள். பிறகு மறுபடியும் வெறுமை.

எஞ்சின் உறுமலையும் காற்றையும் வடிகட்டுகிற ஆப், கவியரசனின் கரகரப்பையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டது. அதற்கு அவன் பேச்சு பேச்சாகத் தெரியவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் அவன் இருந்தான். முழுசாக, பழைய கனத்தோடு. “அருளு! ப்ரேக்கு! ப்ரேக்க அமுக்கு!”

பயத்தில் வந்த குரலை ஆப் ஏற்றுக்கொண்டிருந்தது.

மகளுக்காக அவன் பேசிய இடத்துக்கு வந்தாள். நீளமான அமைதி. அதன் நடுவில், அவள் மூக்கை உறிஞ்சிய சத்தம் துல்லியமாக இருந்தது.

அசல் எங்கும் இல்லை. அவளுக்கே தெரியும். இருந்தும் போன் முழுக்கத் தேடினாள். திரும்பியபோது கவியரசன் கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வந்துச்சா என்று கட்டை விரலை உயர்த்திக் கேட்டான்.

வந்துச்சு என்று சொல்லிவிடலாம் என்றுதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் இயர்போனுக்குக் கையை நீட்டிவிட்டான். கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் அவளுக்குத் தோன்றவில்லை.

அவன் கேட்டான். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ப்ரேக்கு வந்த இடத்தில் மட்டும் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. “நல்லா கத்தியிருக்கேன்” என்றான். அது அவளுக்கே உதட்டசைவில்தான் புரிந்தது.

“என்னாலதாங்க. நான்தான் அந்த எழவெடுத்த ஆப்ப போட்டேன்.”

அவன் அவள் தலையில் கையை வைத்தான். அழாதே என்பது போல இரண்டு தட்டு.

“ஆப் வேணாம். வண்டி நிக்குது. கண்ணாடிய ஏத்திடறேன். தனுவுக்குச் சொன்னத மட்டும் சொல்லுங்க. போதும். எபிசோடு எக்கேடு கெட்டுப் போவட்டும்.”

கண்ணாடிகளை ஏற்றினாள். போனை அவன் வாயருகே பிடித்தாள். கவியரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வாய் திறந்தது. காற்று வந்தது. தொண்டை நரம்பு புடைத்தது. மறுபடி காற்று. மலை ஏறுகையில் எல்லாவற்றையும் செலவழித்திருந்தான். அம்பதுக்கும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தது போக ஒன்றும் மிச்சமில்லை. இருமல் பிடித்து அவனை முன்னால் மடக்கியது.

இருசம்மாளிடம் ஓடிப் போய் வெந்நீர் வாங்கி வந்தாள். குடித்தான். முயன்றான். இல்லை.

“அப்ப டைப் பண்ணுங்க. நான் படிக்கறேன். அப்பா சொன்னாருனு சொல்லி நான் படிக்கறேன்.”

அவன் போனை வாங்கி நிறைய நேரம் டைப் செய்தான். படித்துப் பார்த்தான். எல்லாவற்றையும் அழித்தான். பிறகு ஒரு வரி எழுதிக் காட்டினான்: ‘எழுதுனா சப்புனு இருக்குது. வூட்டுக்குப் போலாம்.’

இறங்கும்போது மூட்டம் ரோட்டை மூடியது. அருள்மொழி ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்தாள்.

அம்சவள்ளி வீட்டு வாசலில் வெயில் சாய்ந்திருந்தது. காரைப் பார்த்ததும் தனுஷா செருப்பில்லாமல் ஓடி வந்தாள். கவியரசன் இறங்கினான். கதவைச் சாத்தக்கூட இல்லை. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து குழந்தையை இழுத்து, அவள் காதில் வாயை வைத்தான்.

அருள்மொழி இறங்கி வந்து அங்கேயே நின்றாள். கை தானாகவே போனை எடுத்துப் பதிவைத் தட்டியது. அவள் நின்ற இடத்துக்கு ஒரு சத்தமும் வரவில்லை. அவன் தாடை அசைவது மட்டும் தெரிந்தது. நீளமாகத்தான் பேசினான். குழந்தை தோளைத் தூக்கிக்கொண்டு நெளிந்தாள்.

“வுடுப்பா, கூசுது!”

பிடியிலிருந்து நழுவி ஓடினாள். அருள்மொழி அவளைப் பாதியில் பிடித்தாள்.

“தனு, அப்பா இன்னாடி சொன்னாரு?”

“காத்து வுட்டாரு” என்றாள் தனுஷா. எப்படி என்று காட்டுவதற்காக, கன்னத்தை உப்பி அம்மாவின் முகத்தில் ஊதினாள்.

வாசலில் நின்ற அம்சவள்ளி சிரித்துவிட்டாள். கவியரசனும் மண்ணில் உட்கார்ந்தபடியே சிரித்தான். தோள் குலுங்கியது, சத்தமில்லை. குழந்தை அதற்குள் கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டாள். காலையில் ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்லுவது போலச் சொல்லிவிட்டு, அருள்மொழி போனில் பதிவை நிறுத்தினாள்.