அறுபத்தொரு அட்டைகள்

இலவச மருத்துவ முகாம் முடிந்து, நாற்காலிகளை அடுக்கி, ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அவள் கிளினிக்கின் பின்னறையில் தரையில் உட்கார்ந்து அட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நூற்று நாற்பத்திரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். ஆளுக்கு ஓர் அட்டை. பெயர், வயது, விலாசம், எடை, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரை. எந்த மேசையில் யார் பார்த்தது என்று பிரித்து, எண்வரிசையில் அடுக்கினால் நாளைக்குப் பதிவேட்டில் ஏற்றிவிடலாம். இன்றைக்கே செய் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அவளுக்குச் சோறு இறங்காது.

முகாமுக்கு வந்த தன்னார்வலர்கள் எட்டுப் பேரும் அவளைப் பட்டியல் என்றுதான் கூப்பிட்டார்கள். பகலில் மருந்துக்கடையில் வேலை, மாலையில் கல்லூரி, ஞாயிறு என்றால் இந்த கிளினிக். "முகாமை நீயே நடத்து" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மூன்று வாரம் அவள் பட்டியல் போட்டுத் தள்ளினாள். கை கழுவ ஒன்று, வரிசையை நிறுத்த ஒன்று, பிரஷர் பார்க்கப் பதினோரு படிகளோடு இன்னொன்று. "அக்கா, தும்மறதுக்கும் பட்டியல் உண்டா?" என்று கிண்டல் பண்ணியவனிடம், கை கழுவும் பட்டியலில் நாலாவது வரியைக் காட்டினாள். அது தும்மலைப் பற்றித்தான். இவ்வளவு போட்டும், தனக்குத் தலைமை தாங்கத் தெரியுமா என்ற சந்தேகம் மட்டும் அவளை விட்டபாடில்லை.

போன் அடித்தது. அவளை வளர்த்த சித்தி.

"சாப்பிட்டியாடி, இல்ல அது எந்தப் பட்டியல்லயும் வரலையா?"

"இதோ முடிச்சிட்டு வரேன் சித்தி."

"கடுதாசி கைக்கு வந்துச்சா? ஆறு மணியோட முடியுதுன்னு நீதானே பத்து தடவை சொன்ன."

"டாக்டர் எழுதி வச்சிட்டாங்க. அஞ்சு மணிக்குக் கையெழுத்துப் போட்டுத் தரேன்னாங்க."

நர்சிங் படிப்புக்கு அவள் போட்டிருந்த விண்ணப்பத்தோடு டாக்டரின் சிபாரிசுக் கடிதமும் இன்று மாலை ஆறு மணிக்குள் போய்ச்சேர வேண்டும். விட்டால் அடுத்த வருஷம்தான். சித்தி அதற்குள் அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் "எங்க வீட்டு நர்ஸ்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போனை வைத்துவிட்டு மூன்றாம் மேசையின் கட்டைப் பிரித்தாள். இருபத்து மூன்று அட்டைகள். முதல் அட்டையில் 120/80. இரண்டாவதிலும் 120/80. நல்லது என்று நினைத்தாள். ஐந்தாவதற்கு வந்தபோது கை நின்றது. கடகடவென்று மீதியைப் புரட்டினாள். எழுபது வயதுக்காரருக்கும் 120/80, மூச்சு வாங்க மாடியேறி வந்த பருத்த மனிதருக்கும் 120/80. நடுவில் இரண்டே இரண்டு பேருக்கு 118/78. பொய் சொல்லவும் கொஞ்சம் கற்பனை வேண்டாமா?

மூன்றாம் மேசையில் உட்கார்ந்தவன் கொக்கு. ஆறடி உயரம், குச்சிக் கால், முதல் வருஷ மாணவன். வெளியே மேசைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தவனை உள்ளே கூப்பிட்டு, அட்டைகளை எதிரே விரித்துக் காட்டினாள். அவன் பார்த்தான். காது மடல் சிவந்தது.

"கேக்கலக்கா."

"என்ன கேக்கல?"

"சத்தம். ஸ்டெதஸ்கோப்ல. ஒண்ணுமே கேக்கல. முதல் ஆள்லேருந்து."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"பயிற்சி அன்னிக்கு எல்லாருக்கும் கேக்குதான்னு கேட்டீங்க. எல்லாரும் தலையாட்டினாங்க. நான் மட்டும் செவிடா இருக்க வேண்டாமேன்னு நானும் ஆட்டிட்டேன்."

அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அங்கே கிடந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அவன் கையில் திணித்தாள். "மாட்டு. என் கையில வச்சுக் காட்டு."

அவன் மாட்டினான். காதுக்குள் போகும் இரண்டு முனைகளும் முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டியவை, பின்பக்கம் பார்த்தபடி நின்றன. அப்படி மாட்டினால் முனை காதின் துவாரத்தைப் பார்க்காது, சதையில்தான் முட்டும். சந்தைக்கடை மாதிரி இரைச்சலாக இருந்த முகாமில் எப்படிக் கேட்கும்?

"இப்படி மாட்ட உனக்கு யாருடா சொன்னது?"

"நீங்கதான்க்கா."

பொய் என்று சொல்ல வாயெடுத்தவளுக்குப் பயிற்சி நாள் அப்படியே கண் முன் வந்தது. தன் காதில் இருந்ததைக் கழற்றி, எதிரே நின்றவன் காதில் தன் கையாலேயே மாட்டிவிட்டாள். கழற்றியதைத் திருப்பாமல், அப்படியே நேராக. அவளுக்கு முன்பக்கம் என்பது எதிரே நிற்பவனுக்குப் பின்பக்கம். நாலு புதியவர்களுக்கும் அப்படித்தான் மாட்டிவிட்டாள். மற்ற நாலு பேரும் ஏற்கெனவே பழகியவர்கள். பதினோரு படிகள் எழுதியவள், காதில் எந்தப் பக்கம் மாட்டுவது என்பதை எழுதவே இல்லை. அதையெல்லாம் எழுதுவார்களா என்று இருந்துவிட்டாள்.

கோபம் போன இடம் தெரியவில்லை.

உடனே மற்ற மூன்று புதியவர்களுக்கும் தனித்தனியாகப் போன் போட்டாள். எல்லாரையும் சேர்த்து வைத்துக் கேட்கும் தப்பை இன்னொரு தரம் செய்ய அவள் தயாராக இல்லை. ஒருத்தி, காது வலித்ததால் தானாகவே திருப்பி மாட்டிக்கொண்டாளாம். அவளுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. இன்னொருத்தி, லேசாக ஏதோ கேட்டதை வைத்து மனசுக்குத் தோன்றியதை எழுதினாளாம். கண்ணாடி போட்ட பையன், "பிரஷர் மீட்டர் முள்ளு ஆடறதைப் பாத்து எழுதினேன்க்கா. அது தப்பா?" என்றான். தப்புத்தான், சத்தம் கேட்டுத்தான் எழுத வேண்டும். இருபத்து மூன்று, பத்தொன்பது, பத்தொன்பது. அறுபத்தொரு அட்டைகள்.

கொக்கு ஓர் அட்டையை எடுத்துத் தனியாக வைத்திருந்தான். தையல்காரம்மா, ஐம்பத்தாறு வயது, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை. பிரஷர் மாத்திரை: தினமும் மதியம்.

"இவங்க கேட்டாங்கக்கா. 'எல்லாம் சரியா இருக்குதே, அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. தலையை ஆட்டினேன்."

"எந்தப் பக்கம்டா ஆட்டின?"

"ரெண்டு பக்கமும் இல்லாம... ஒரு மாதிரி."

டாக்டர் அறைக் கதவைத் தட்டுமுன் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். வாயைத் திறக்காமல் அறுபத்தொரு பேர் வீட்டுக்கும் போய், ஏதாவது சாக்குச் சொல்லி மறுபடி பார்த்து, அட்டையை மாற்றி எழுதிவிட முடியாதா? முடியும். ஐந்து மணிக்குக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போனால் யாருக்கும் தெரியாது. ஆனால் தையல்காரம்மா மாத்திரையை நிறுத்தியிருந்தால், மதிய வேளை ஏற்கெனவே தாண்டிவிட்டது. அதற்கு என்ன செய்வது என்று ஒரு மருந்துக்கடைப் பெண் முடிவு பண்ண முடியாது. தட்டினாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"அறுபத்தொண்ணுன்னு நிச்சயமா தெரியுமா?"

"மூணு பேரையும் தனித்தனியா கேட்டேன் டாக்டர்."

"சரி. முதல்ல தையல்காரம்மாகிட்ட போ. அஞ்சு நிமிஷம் உக்கார வச்சுப் பாரு. பாத்த உடனே எனக்குப் போன் பண்ணு. அதிகமா இருந்தா நான் சொல்ற வரைக்கும் அங்கேருந்து நகரக் கூடாது." மேசை மேல் கிடந்த கடிதத்தைக் கையில் எடுத்தாள். "இதுல ஒரு வரி இருக்கும்மா. 'முகாமை ஒரு சிறு பிழையும் இன்றி நடத்தினார்'னு."

"அதை எடுத்துடுங்க டாக்டர்."

"எடுத்தா முகாமைப் பத்திச் சொல்ல ஒண்ணும் மிஞ்சாது. அதுதானே கடிதமே. என்ன எழுதட்டும்?"

"நடந்ததை எழுதுங்க."

"எழுதினா இடம் கிடைக்காம போகலாம்."

தெரியும் என்று சொல்ல நினைத்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்படி ஆட்டாத. வாயால சொல்லு."

"எழுதுங்க டாக்டர்."

தையல் கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. உயரமானவன் குனிந்துதான் நுழைய வேண்டும். கொக்கு தலையை இடித்துக்கொண்டே நுழைந்தான். பாதி தைத்த சட்டையின் நூலைப் பல்லால் கடித்தபடி நிமிர்ந்து பார்த்த தையல்காரம்மா, "அடடே, நல்ல சேதி சொன்ன தம்பியா! வா வா" என்றாள்.

கொக்கின் பின்னாலேயே நுழைந்தவள் அந்த வரவேற்பைத் தாங்க முடியாமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "அம்மா, காலையில உங்களுக்குச் சொன்னது தப்பு. நாங்க சரியா பாக்கல. சொல்லிக் கொடுத்ததுல நான்தான் தப்புப் பண்ணிட்டேன். மாத்திரை போட்டீங்களா?"

தையல்காரம்மாவின் முகம் மாறியது. "மாத்திரையா? அது இனிமே எதுக்குன்னு தூக்கிப் போட்டேனே. எட்டு வருஷமா விழுங்கறேன்டி. இன்னிக்குத்தான் விடுதலைன்னு நினைச்சேன்."

"எங்க போட்டீங்க?"

வெட்டுத் துணி போடும் சாக்கைக் கை காட்டினாள். கொக்கு மண்டியிட்டு, முழங்கை வரை விட்டுத் துழாவினான். சிவப்பு, பச்சை, பூப்போட்ட துண்டுகளாக வெளியே வந்து விழுந்தன. கடைசியில், காலர் துண்டு ஒன்றில் சுருண்டபடி மாத்திரை அட்டை கிடைத்தது.

"அப்படியே தரையையும் கூட்டிட்டுப் போ தம்பி" என்றாள் தையல்காரம்மா. குரலில் கோபம் இருந்தது, ஆனால் அவனை விரட்டும் அளவுக்கு இல்லை.

ஐந்து நிமிஷம் உட்கார வைத்து அவள் பார்த்தாள். 176/104. போனில் டாக்டர் நாலைந்து கேள்வி கேட்கச் சொன்னாள்: தலைவலி உண்டா, பார்வை மங்குதா, நெஞ்சு அடைக்குதா? எதுவும் இல்லை. "இப்ப மாத்திரையைக் கொடு. கூடவே உக்காரு. ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி பாத்துச் சொல்லு."

மணி நாலரை. ஐந்து மணிக்கு டாக்டர் கிளம்பிவிடுவாள். பேருந்தில் திரும்ப இருபது நிமிஷம். அவள் கடிகாரத்தைப் பார்த்ததைத் தையல்காரம்மா பார்த்துவிட்டாள்.

"எங்கயாவது போகணுமா?"

"இல்லம்மா."

ஐந்து மணி அடித்துத் தாண்டியது. ஐந்தே காலுக்குப் போனில் செய்தி வந்தது: டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அந்த வரியை அடித்துவிட்டு, பேனாவால் ஓரத்தில் ஏழெட்டு வரி எழுதியிருந்தாள். இவள் சொல்லிக் கொடுத்ததில் பிழை நேர்ந்தது, அதை இவளே கண்டுபிடித்தாள், அன்றே வந்து சொன்னாள், கடிதம் எழுதும் இந்த நேரத்தில் ஒரு நோயாளியோடு உட்கார்ந்திருக்கிறாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அடித்தல் திருத்தலோடு ஒரு சிபாரிசுக் கடிதத்தை யார் மதிப்பார்கள் என்று தோன்றியது. இருந்தாலும், தையல் இயந்திரத்தின் மேல் போனை வைத்துக்கொண்டு அதையே விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பினாள்.

ஐந்தே முக்காலுக்கு ஸ்டெதஸ்கோப்பைக் கொக்கிடம் நீட்டினாள். அவன் முனைகளைப் பார்த்து, ஒருமுறை திருப்பி, மாட்டிக்கொண்டான். கைப்பட்டையில் காற்றை ஏற்றி மெதுவாக விட்டான். திடீரென்று அவன் கண் விரிந்தது.

"என்ன தம்பி, இப்பவாவது கேக்குதா?"

"கேக்குதும்மா. நல்லா கேக்குது." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "நூத்தி அறுபத்தி ரெண்டு. கீழ தொண்ணூத்தி எட்டு."

அவளும் ஒருமுறை பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. டாக்டருக்குச் சொன்னாள். இறங்குகிறது, இனி மாத்திரையை நிறுத்தக் கூடாது, நாளைக் காலை கிளினிக்குக்கு வரச் சொல் என்று பதில் வந்தது.

குனிந்து வெளியே வந்ததும் கொக்கு தயங்கி நின்றான். "அக்கா, நான் நாளைலேருந்து வரட்டுமா, வேண்டாமா?"

"நாளைக்கு என்னடா? இன்னும் அறுபது பேர் இருக்காங்க" என்று பையிலிருந்து அடுத்த அட்டையை எடுத்தாள். "பக்கத்துத் தெருதான். கதவைத் தட்டினதும் பேச்சை நான் ஆரம்பிக்கறேன். நீ ஓடிடாம நில்லு, போதும்."