பத்து இருபதுக்குப் போட்ட கோடு

மகளின் காலில் நர்ஸ் பேனாவால் கோடு போட்டபோது அவன் கீழ்த்தளத்தில் மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றிருந்தான். திரும்பி வந்து பார்த்தால், முழங்காலைச் சுற்றிச் சிவந்திருந்த இடத்தை வளைத்து ஒரு நீலக் கோடு. பக்கத்தில் 10.20 என்று எழுதியிருந்தது. எதற்கென்று அவன் கேட்கவில்லை. இரண்டு நாளாகக் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துவிட்டது.

சிட்டுவுக்கு ஆறு வயது. போன வாரம் தொண்டை வலி. அது விட்ட கையோடு பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். சிராய்ப்பு விரல்நகம் அளவுதான். நேற்று காய்ச்சல் கொதித்தது. தெருமுனை கிளினிக்கில் சிரப் கொடுத்து அனுப்பினார்கள். இன்று விடிந்தபோது ஊன்ற முடியாமல் கால் வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே அலறினாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள்.

தொண்டைப்புண்ணைக் கொண்டுவருகிற அதே கிருமி சில குழந்தைகளுக்குச் சதைக்குள் இறங்கிவிடும் என்றார் டாக்டரம்மா. மருந்துக்கு அடங்கினால் சரி. அடங்காவிட்டால் காலைத் திறந்து கெட்ட சதையை வெட்டி எடுக்கவேண்டும். அதில் தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. எல்லாவற்றையும் ஒரே குரலில், எழுதிக்கொண்டே சொன்னார்.

பன்னிரண்டு மணிக்குக் காய்ச்சல் மறுபடி ஏறியது. மனைவி ஈரத்துணியால் நெற்றியிலிருந்து பாதம் வரை துடைத்துவிட்டாள், வீட்டில் செய்வதைப் போல. துணி நீலமான பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"அழிஞ்சிடுச்சுங்க. அந்த சிஸ்டர்கிட்ட காலையிலயே ஒருவாட்டி வாங்கிக் கட்டிக்கிட்டேன், கட்டில்ல உக்காந்தேன்னு."

"இவ்வளவுதானே. நான் போட்டுர்றேன்."

அவன் பிழைப்பே அதுதான். பதினோரு வருஷமாக ரோட்டுக்கு வெள்ளைக்கோடு போடுகிறான். அதில் பாதி, மங்கிப்போன கோட்டைப் புதுசாக்குகிற வேலை. அழிந்த கோட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. பக்கத்துக் கட்டில்காரரிடம் பேனா வாங்கினான்.

"ரோடுன்னு நெனச்சு நடுவுல விட்டு விட்டுப் போட்டுடாதீங்க" என்றாள் மனைவி. இரண்டு நாளில் அவள் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு. சிரிக்க அவனுக்குத் தெம்பில்லை.

சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே, ஓரம் பிசகாமல் போட்டான். பழைய கோட்டின் சுவடு உள்ளே தள்ளித் தெரிந்தது. நர்ஸ் அவசரத்தில் அளவு பார்க்காமல் இழுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். அந்தச் சுவடையும் துடைத்துச் சுத்தம் பண்ணினான். பிறகு 10.20 என்று, இருந்தது இருந்தபடியே எழுதினான்.

இரண்டு மணிக்கு டாக்டரம்மா வந்தார். நேற்றிலிருந்து வீட்டுக்குப் போகாதவரின் நடை. போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. கிட்டத்தட்ட நாலு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டி ஒரு விரல்தான் போயிருக்கிறது, மருந்து கேட்கிறது போல என்றார். சர்ஜன் வேறொரு ஆபரேஷனுக்குப் போகப்போகிறார், இப்போது கூப்பிடவேண்டாம், ஆறு மணிக்கு மறுபடி பார்க்கலாம் என்று நர்ஸிடம் சொன்னார். இவ்வளவு வலி இருப்பதுதான் இடிக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

கோடு எதற்கு என்பது அவனுக்கு இப்போதுதான் விளங்கியது. மனைவியைப் பார்த்தான். அவளுக்கும் விளங்கியிருந்தது. இருந்தாலும், மருந்து கேட்கிறது என்ற வார்த்தையை அவள் விட மனசில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கும் அதை விட்டுவிட மனசில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பி அப்படியே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

எழுந்து போனான்.

"டாக்டர், அந்தக் கோடு நான் போட்டது."

அவர் புரியாமல் பார்த்தார்.

"காலையில போட்டது துடைக்கும்போது அழிஞ்சிடுச்சு. பன்னெண்டு மணிக்கு நான் மறுபடி போட்டேன். மணியை மட்டும் பழையபடியே எழுதிட்டேன்."

"அப்ப சிவப்பு எது வரைக்கும் இருந்துச்சோ, அது வரைக்குமா?"

"ஆமா. பழசு உள்ள இருந்துச்சு. தொடைப் பக்கம் ரெண்டு விரல் கீழ."

"நிச்சயமா தெரியுமா?"

"அளவு தப்பாது டாக்டர்."

திட்டு விழும் என்று நின்றான். விழவில்லை. அவர் திரும்பக் கட்டிலுக்கு வந்து, சிவப்புக்கு மேலே, தோல் நன்றாகவே இருந்த இடத்தில் மெல்ல அழுத்தினார். சிட்டு வீறிட்டாள். நடந்தபடியே சர்ஜனுக்குப் போன் போட்டார்.

அதற்கப்புறம் எல்லாமே வேகம். கையெழுத்து. தள்ளுவண்டி. நர்ஸ் மருந்துப் பாட்டிலை வண்டிக் கம்பியில் மாட்டிக்கொண்டே, பேனாவை எடுக்கும்முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார்.

"உங்களைப் பாத்துப் பயந்துட்டோம் சிஸ்டர்."

நர்ஸ் வண்டியைத் திருப்பினார். லிப்ட் வாசலில்தான் வாயைத் திறந்தார். "எல்லாரும் இதத்தான் சொல்றாங்க."

ஆபரேஷன் அறைக்கு வெளியே இரும்பு பெஞ்ச். மேஸ்திரி போன் பண்ணி நாளைக்குப் பாலத்து வேலை இருப்பதை நினைவூட்டினார். வர முடியாது என்றான். காரணம் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டான். மேஸ்திரியும் தோண்டவில்லை.

"துடைச்சது நான்னு சொன்னீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"இல்ல."

"சொல்லியிருக்கலாம்."

"யாரு துடைச்சான்னு அவங்க கேக்கவே இல்ல."

ஐந்தரைக்குச் சர்ஜன் வெளியே வந்தார். முழங்காலிலிருந்து பாதித் தொடை வரை சதையை எடுக்கவேண்டி வந்தது, கால் இருக்கிறது என்றார். இறங்கிப்போன ரத்த அழுத்தம் இன்னும் ஏறவில்லை. நாளைக் காலை மறுபடி திறந்து பார்க்கவேண்டும், மிச்சம் இருந்தால் அதையும் எடுக்கவேண்டும்.

"ஆறு மணி வரைக்கும் விட்டிருந்தா?" என்று அவன் கேட்டான்.

சர்ஜன் கையுறை மாவு படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டார். "விடலையே" என்றார்.

நடப்பாளா என்று மனைவி கேட்டாள். முதலில் கண் விழிக்கட்டும் அம்மா என்றார் அவர். ஒருவர் மட்டும் உள்ளே போகலாம் என்றார்.

மனைவி எழுந்தாள். கால் மரத்துப்போய்த் தடுமாறினாள். அவன் அவளது முழங்கையைத் தாங்கிக் கதவு வரை கொண்டுபோய் விட்டான். கதவு மூடிய பிறகு, நாளைய ஆபரேஷனுக்கான படிவத்தை ஒருவர் நீட்டினார். உறவு என்ற இடத்தில் தகப்பன் என்று எழுதினான். சுவரில் தலை சாய்த்தால் தூங்கிவிடுவான் என்று பயந்து, நின்றுகொண்டே இருந்தான்.