பொம்மைக் கடை வாசலில் பதினொரு நிமிடம்

பூங்கா நுழைவாயிலில் என் கணவரின் மணிக்கட்டில் ஒரு மின்னணுப் பட்டையை மாட்டிய பெண், "இனிமே வரிசையில நிக்கவே வேணாம் சார். உங்க முறை வந்தா இதுவே கூப்பிடும்," என்றாள்.

முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் அவர். "ஸ்டாப்புல நிக்காம ஏறிக்கலாம்னு நான் சொல்லியிருந்தா, என் சீட்டக் கிழிச்சிருப்பாங்க," என்று என் காதோரம் முணுமுணுத்தார்.

பேத்திக்காகத்தான் போனோம். ராட்டினத்துக்கு இருபது நிமிடம் என்றது பட்டை. அப்புறம் நாற்பது, அப்புறம் ஒரு மணி நேரம். வரிசையில் நிற்கவில்லை, வாஸ்தவம்தான். ஆனால் எந்தப் பாதையில் போனாலும் ஒரு கடைக்குள் நுழைந்துதான் வெளியே வர முடிந்தது. உட்கார ஓர் இடம் இல்லை. எங்கள் முறை வந்தபோது, "நீங்க போங்க, நான் இங்கேயே இருக்கேன்," என்றார் அவர். நானும் பேத்தியும் ராட்டினத்தை விட்டு இறங்கியபோது பொம்மைக் கடை வாசலில் கூட்டம் கூடியிருந்தது. மாரடைப்பு.

மூன்று வாரம் கழித்து பூங்கா அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கேயே பராமரிப்பு வேலை பார்க்கும் என் கொழுந்தனும் கூட வந்தார். மேலாளர் ஒரு தாளை நகர்த்தினார். ஏற்கெனவே இருந்த நோயால் இறந்தார், பூங்காவுக்கு இதில் பொறுப்பில்லை என்று நான் கையெழுத்திட வேண்டும்.

"கடைசியா என்ன பண்ணிட்டிருந்தார்னு அந்தப் பட்டையில இருக்குமா தம்பி?" என்று மேலாளரிடம் கேட்டேன். எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

ஆறுதல் சொல்லும் முகத்தோடு அவர் திரையைத் திருப்பினார். "பொம்மைக் கடை வாசல்ல பதினொரு நிமிஷம் நின்னிருக்காரும்மா. பேத்திக்கு வாங்க ஆசைப்பட்டிருக்கார் போல. அஞ்சு நிமிஷம் தாண்டி நின்னாலே விருப்பம்னுதான் சிஸ்டம் எடுத்துக்கும். தள்ளுபடி தர்றோம்னு ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கு."

மூச்சு முட்ட நின்றவரின் கையில் அது இரண்டு முறை அதிர்ந்திருக்கிறது.

"பொம்மையா சார்?" என்றார் கொழுந்தன். "அங்க பெஞ்ச் இருந்துச்சு. பட்டை வந்த வாரம் எல்லாத்தையும் கழட்டச் சொன்னீங்க. உக்காந்திருக்கிறவன் எதையும் வாங்க மாட்டான்னு நீங்கதான் சொன்னீங்க."

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

கொழுந்தன் நகரவில்லை. "அண்ணி, கழட்டினது நான்தான்," என்றார் என்னைப் பார்க்காமல்.

பேனாவை எடுத்து, கையெழுத்துப் போடும் இடத்தில் எழுதினேன்: 'அவர் பொம்மை பார்க்கவில்லை. உட்கார இடம் தேடினார்.'

"இப்படி எழுதினா சிஸ்டத்துல ஏத்த முடியாதும்மா."

"நீங்க ஏத்தி வச்சிருக்கிறதத்தான் இப்ப பார்த்தேனே தம்பி."

அலுவலகத்தை விட்டு நேராக அந்தக் கடைக்குப் போனோம். வாசல் தரையில், பெஞ்சின் போல்ட்டு இருந்த நான்கு ஓட்டைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். அவற்றின் நடுவே உட்கார்ந்தேன். கொழுந்தனும் பூங்காச் சீருடையோடு பக்கத்தில் உட்கார்ந்தார். வேலை போய்விடுமே என்றேன். "போகட்டும் அண்ணி," என்றார்.

கடைக்காரப் பெண் வெளியே வந்தாள். "இங்க உக்காரக் கூடாதும்மா, வர்றவங்களுக்கு இடைஞ்சல்."

கடையின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். உட்கார்ந்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. "இன்னும் எட்டு நிமிஷம் இருக்கும்மா," என்றேன்.