மூடி மாறிய இரண்டு தட்டுகள்

தட்டின் மூடியில் பெயர் எழுதாதே, அடியில் எழுது என்று ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் ஓதுகிறவள் அவள்தான். ஊருக்குத்தான் உபதேசம். அவசரத்தில் தானே மூடியில் எழுதித் தொலைத்தாள். நேற்று இரண்டு தட்டையும் ஒன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, எந்த மூடியை எதன்மேல் போட்டோம் என்று தெரியாமல் இப்போது முழிக்கிறாள்.

ஒன்றில் தம்பியின் தோல் செல்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மற்றதில் அவளுடையவை. இரண்டுக்கும் ஒரே நான்கு புரதங்கள்தான் கொடுத்தாள். அவை உள்ளே போய், தான் தோல் என்பதையே செல்லை மறக்கவைத்து, எதுவாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லாக ஆக்கவேண்டும். அதிலிருந்து இதயத் தசையை வளர்த்தால், தம்பியின் நைந்துபோன இதயத்துக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளும் என்று சோதித்துவிடலாம். இன்னும் இரண்டு மாதத்துக்குள் மருந்து கிடைக்காவிட்டால் கஷ்டம் என்று போன வாரம்தான் டாக்டர் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். தம்பியிடம் அவள் மூச்சுவிடவில்லை.

ஒரு தட்டில் வட்டவட்டமாக ஸ்டெம் செல்கள் முளைத்திருந்தன. இன்னொன்றில் எல்லாம் செத்து மிதந்தன.

"யாரோடது பிழைச்சிருக்கு?" என்று கேட்டார் பக்கத்து மேசைக்காரர்.

"தெரியலையே. காலையில இது தம்பியோடதுன்னு தோணுச்சு. இப்போ அதுவும் இல்லையோன்னு இருக்கு."

"பார்த்தா தெரியாதா?"

"மைக்ராஸ்கோப்புல எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான், சார்."

டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர மூன்று நாள். செத்தது தன்னுடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஒருவேளை இப்படி வேண்டினால் எதிர்மாறாக நடந்துவிடுமோ என்று பயந்து, வேண்டுதலை வாபஸ் வாங்கினாள். பிறகு மறுபடியும் வேண்டினாள். பாவம், எதை வேண்டுவதென்றே அவளுக்குப் புரியவில்லை.

முடிவு வந்தது. பிழைத்தவை அவளுடையவை.

ஒரே புரதம், ஒரே சூடு, ஒரே கை. அப்புறம் ஏன்? யாராலும் சொல்ல முடியவில்லை. அவளுக்குத் தன் தோலின்மேலேயே ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் தம்பியின் கட்டிலோரம் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரித்தான்.

"உன் செல்லும் உன்ன மாதிரியே பிடிவாதக்காரியா இருக்கு, அக்கா." சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டான். "விடு, மறுபடி தோலை எடுத்துக்கச் சொல்லு. முதல்லேர்ந்து செய்ய எவ்வளவு நாளாகும்?"

"மூணு மாசம்."

"அவ்வளவுதானே? நான் எங்க போயிடப்போறேன்."