தலைமாடு மாறிய ஜெபம்

கலாதேவிக்கு எரிச்சல் காலை ஏழு மணிக்கே தொடங்கிவிட்டது. ஈப்போவிலிருந்து கோப்பெங் வரைக்கும் காருக்குள் தம்பி பவித்ரனின் பிரசங்கம்தான்.

"விசுவாசத்தாலதான்க்கா ரட்சிப்பு, கிரியையால இல்ல. நீ புல்லு வெட்டுறதுக்காகப் பரலோகத்துல ஒரு நாற்காலி கூடப் போட மாட்டாங்க லா."

சபையில் மூப்பராகி ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் அந்த வாயைப் பாருங்கள்!

அவர்கள் பிறந்த பழைய ரப்பர் தோட்டத்தை, அதன் இடுகாட்டோடு சேர்த்து, வீடு கட்டுகிறவர்கள் வாங்கிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் கையெழுத்துப் போட்டால் எலும்புகளை எடுத்துப் புதிய இடுகாட்டில் வைப்பார்கள். கேட்க ஆளில்லாத குழிகளை இயந்திரம் நிரவிவிடும். இன்று கடைசி நாள். பத்து வருடமாக அம்மாவின் கல்லறையில் லாலான் புல்லை வெட்டி, சிமெண்டுச் சிலுவை நட்டுப் பார்த்துக்கொண்டவள் கலாதேவி. தம்பி நிழலில் நின்று ஜெபம் பண்ணுவான். பெயர்ப்பலகையைக் கறையான் தின்றுவிட்டதால், 'வேலியிலேர்ந்து மூணாவது' என்று அப்பா சொல்லிவிட்டுப் போனதுதான் அடையாளம்.

அந்தக் காலத்தில் இங்கே குழி வெட்டிய உடையப்பனையும் அழைத்து வந்திருந்தார்கள். எடுக்க வேண்டிய குழி என்று அடையாளமிடச் சிவப்புச் சாயத்தோடு சிலுவையருகே குனிந்த கலாதேவியை அவர் தடுத்தார்.

"அது ஒங்கம்மா இல்ல தங்கச்சி. ஒங்கம்மா போன பொறவு வேலிய வெளிய தள்ளிப் போட்டு, புதுசா குழி வெட்டுனோம். ஒங்கம்மா அந்தா, அந்தப் பொதருக்குள்ள. இது ஆயா கொட்டகையில தோட்டத்துப் புள்ளைங்கள பாத்துக்கிட்ட இருளாயி."

கலாதேவி சாயத்தைக் கீழே வைத்தாள். பவித்ரனோ சிரித்தான்.

"பாத்தியா? ஒன் கிரியை எங்க போய் நின்னுச்சு!"

"வாய மூடுடா! பத்து வருசமா நீ ஜெபம் பண்ணுனது மட்டும் யாரு தலமாட்டுல?"

புல் வெட்டும் பாராங் கத்தியோடு அவளே புதருக்குள் இறங்கினாள்.

புதரைப் பாதி வெட்டி அம்மாவின் குழிக்குச் சாயம் பூசியாயிற்று. வீடு கட்டும் நிறுவனத்துப் பெண் ரஸ்னா படிவத்தோடு வந்து, "இந்தச் சிலுவைக்கு யாரு கையெழுத்துப் போடுறீங்க அக்கா?" என்றாள்.

"இருளாயிக்கு யாருமில்ல," என்றார் உடையப்பன். "கட்டிக்கல, பெத்துக்கல. தாயில்லாத புள்ளன்னு இந்தத் தம்பிய இடுப்ப விட்டு எறக்கினதில்ல. நீங்க ஈப்போவுக்குப் போன அன்னிக்கு லோரி பின்னாலயே ஓடுனா."

"நான் போடுறேன்," என்றாள் கலாதேவி.

"அக்கா, அவங்க சாமி கும்புட்டவங்க. நான் மூப்பர். நம்ம கல்லறையில எப்படி?"

"இந்துப் பக்கத்துலயே வைப்போம். சிலுவைய எடுத்துருவோம். நானே போய்ப் பாத்துக்குறேன், போதுமா?"

"ரட்சிக்கப்படாதவங்களுக்குச் செஞ்சு என்ன பிரயோசனம்?"

கலாதேவிக்குப் பொறுமை செத்தது. "சரிடா, விட்டுருவோம். போய் நீயே சொல்லு. 'ஒன்ன மெஷினுக்கு விட்டுட்டுப் போறேன் ஆயா'ன்னு அவகிட்டயே சொல்லிட்டு வா."

போனான். சிலுவைக்கு முன்னால் நின்றான். ஜெபமே தொழிலாகிப்போன அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. திரும்பி வந்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"உறவு என்னன்னு எழுதுறது?" என்றாள் ரஸ்னா.

"மகன்னு எழுதும்மா," என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். பிறகு அக்காவின் காதருகே வந்து, "ஆனா சபையில சொல்லிறாத, என்ன?" என்றான்.

இதற்குக்கூட ஓர் 'ஆனா'! பாராங் கத்தியை அவன் கையில் திணித்துவிட்டு, அம்மாவின் புதரில் மிச்சமிருந்த பக்கத்தைக் காட்டினாள் கலாதேவி.